வளரும் மூளையும் கஞ்சாப் புகையும்



நூலக விழா மேடையில் கஞ்சாவைப் பற்றிப் பேசலாமா என்று சிலர் எண்ணக்கூடும். வானம் பொய்த்த ஆண்டுகளிலும் பிள்ளைகளின் படிப்பை விட்டுக்கொடுக்காத இந்த அருப்புக்கோட்டை, திருச்சுழிச் சீமையில், தறி நெய்தும் மல்லிகை பறித்தும் சேர்த்த காசைப் பள்ளிக்கூடத்துக்குக் கட்டுகின்ற தாய் தகப்பன்மார், அந்தப் பிள்ளையின் மூளைக்குக் கேடு எந்த வழியாக வருகிறது என்பதைத் தெளிவாக அறிந்திருக்க வேண்டும் என்ற ஒரே எண்ணத்தால்தான் இந்த விஷயத்தை நான் எடுத்துக்கொண்டேன்.

கஞ்சாவின் மயக்கத்துக்கு மூலகாரணமான டி.எச்.சி. என்னும் ரசாயனப் பொருளை 1964-இல் இஸ்ரேல் நாட்டு விஞ்ஞானி மெக்கூலமும் அவருடைய சகா கயோனியும் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். அந்தப் பொருள் வந்து பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் மூளையிலேயே இருப்பது 1988-இல் தெரியவந்தது. அவற்றுக்கென்று நம் சரீரமே சுரக்கின்ற ஆனந்தமைட் என்னும் பொருள் 1992-இல் கண்டறியப்பட்டது. கண்மாயில் நீர் பாய்ச்சுகிறவர் வயலின் தேவையைப் பார்த்து மடையைத் திறப்பதும் அடைப்பதும் போல, ஒரு நரம்பணு தனக்கு வரும் சமிக்ஞை மிகுந்துவிட்டால் ஆனந்தமைட் போன்ற பொருளை அவ்விடத்திலேயே உண்டாக்கி, அனுப்புகிற அணுவைச் சற்று அடக்குகிறது. வேலை முடிந்ததும் அது சிதைந்து மறைகிறது. வெளியிலிருந்து புகும் டி.எச்.சி.யோ, எந்த வயலுக்கு நீர் வேண்டும், எதற்கு வேண்டாம் என்று பாராமல், எல்லா மடைகளிலும் ஒருசேரக் கைவைத்து மணிக்கணக்கில் நிற்கிறது.

ஞாபகத்துக்கு உரிய பகுதியில் அது புகுந்தால், சற்று முன் படித்தது மனத்தில் தங்குவதில்லை; சிறுமூளையில் புகுந்தால், கைக்கும் காலுக்கும் உள்ள இசைவு தளர்கிறது. குழித்தறியில் அமர்ந்த நெசவாளி, காலால் மிதியை மாற்றி, ஒரு கையால் கயிற்றை இழுத்து நாடாவை ஓட்டி, மறு கையால் ஊடையை அடித்துச் சேர்த்து, பாவில் ஓர் இழை அறுந்த அக்கணமே கையை நிறுத்துகிறாரே, அந்த இசைவைக் காத்து நிற்பது சிறுமூளைதான். மதுரை–தூத்துக்குடி நெடுஞ்சாலையில் வண்டி ஓட்டுகிற நம் பிள்ளையின் உயிரும் அந்த இசைவை நம்பியே இருக்கிறது.

சரீரத்தில் நிகழ்வதையும் சொல்கிறேன். புகைத்த சில நிமிஷங்களில் இதயத் துடிப்பு நிமிஷத்துக்கு இருபது முதல் ஐம்பது வரை கூடுகிறது. கண் சிவக்கிறது, நா வறள்கிறது, பசி மிகுகிறது. புகையிலையின் புகையில் உள்ள தாரும் கார்பன் மோனாக்சைடும் இந்தப் புகையிலும் உண்டு. டி.எச்.சி. கொழுப்பில் கரைந்து தங்கும் பொருளாகையால், நாள்தோறும் புகைப்பவரின் உடலைவிட்டு அது முற்றும் நீங்கப் பல வாரங்கள் ஆகலாம்.

அதற்காக மிகைப்படுத்திப் பயமுறுத்துவது நம் வேலையன்று. ஒரு பொய்யைக் கண்டுகொண்ட இளைஞன் நாம் சொல்லும் நூறு மெய்யையும் தள்ளிவிடுவான். அபினைப் போல இது சுவாசத்தை அடக்கிக் கொல்வதில்லை. தொட்டவர் எல்லாரும் சித்தம் கலங்கிப் போவதுமில்லை. இதே செடியிலுள்ள கன்னபிடியால் என்னும் வேறொரு பொருள், சில கடுமையான வலிப்பு நோய்களுக்கு மருந்தாக 2018-இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. இவை யாவும் உண்மை.

ஆனால், மனித மூளை ஏறக்குறைய இருபத்தைந்து வயது வரை வளர்ந்துகொண்டே இருக்கிறது என்பதும், விவேகத்துக்கும் நிதானத்துக்கும் இருப்பிடமான முன்பகுதியே கடைசியில் முதிர்கிறது என்பதும் அவற்றைவிடப் பெரிய உண்மை. 1969–70-இல் ராணுவப் பயிற்சிக்கு அழைக்கப்பட்ட 45,000-க்கும் மேற்பட்ட ஸ்வீடன் இளைஞர்களைப் பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1987-இல் வெளியிட்ட ஆய்வில், ஐம்பது தடவைக்கு மேல் கஞ்சாவை உபயோகித்தவர்களிடம் மனச்சிதைவு நோய் ஆறு மடங்காகக் காணப்பட்டது. வேறு காரணங்களைக் கழித்துப் பார்த்தபோது அந்த மடங்கு குறைந்ததேயன்றி, அபாயம் மறையவில்லை. பழகியவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவர் அதற்கு அடிமையாகிறார். பதின்பருவத்தில் தொடங்கியவர்களில் ஆறில் ஒருவர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

சாமியார்கள் புகைக்கவில்லையா, தியானத்துக்கு உதவாதா என்று கேட்கும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். 1879-இல் திருச்சுழியில் பிறந்த வேங்கடராமன், 1896-இல் மதுரையில் பதினாறு வயதுச் சிறுவனாக, மரண பயத்தை நேருக்கு நேர் நின்று விசாரித்து ரமணராக விழித்தெழுந்தபோது, அவருக்குத் துணையாக இருந்தது எந்தப் புகையுமன்று. தெளிந்த பிரக்ஞை ஒன்றே. அந்தத் தெளிவைத்தான் கஞ்சா முதலில் கேட்டு வாங்கிக்கொள்கிறது.

பெற்றோர்களே, பிள்ளை வழி தவறியது தெரிந்தால் அடித்து விரட்டாதீர்கள். ஊர் அறிந்துவிடுமே என்று மூடியும் வைக்காதீர்கள். தூக்கமின்மையும் எரிச்சலும் பசியின்மையும் அவன் விட முயலும்போது வரும் உடல் வேதனைகள். அவற்றைத் திமிர் என்று எண்ணிவிடக் கூடாது. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டமே, உட்கொண்ட குற்றத்துக்கு ஆளானவர் தாமாக முன்வந்து அங்கீகாரம் பெற்ற இடத்தில் சிகிச்சையை முடித்தால், வழக்கிலிருந்து விலக்குப் பெற 64-ஏ பிரிவில் வழி வைத்திருக்கிறது. 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணையும், 14416 என்ற மனநல உதவி எண்ணையும் கட்டணமின்றி அழைக்கலாம்.

இன்று இரவே உங்கள் வீட்டுப் பிள்ளையை அருகில் உட்காரவைத்து, நான் சொன்னவற்றில் உங்களுக்குப் புரிந்ததை உங்கள் சொற்களிலேயே சொல்லுங்கள். அவன் கேட்கும் கேள்விக்குக் கோபப்படாமல் பதில் சொல்லுங்கள். இருபத்தைந்து வயது வரை அவன் மூளைக்குக் காவல் நிற்க வேண்டியவர்கள் நாம்.