காதுக்கு வயது உண்டா?

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



1998இல் நம் பென்னலூருக்குப் பக்கத்தில், இருங்காட்டுக்கோட்டையில், ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை வந்தது. கொரியமும் ஜப்பானியமும் நம் வாசலுக்கே வந்துவிட்டன. ஆனால் நம் காது அவற்றை வாங்குகிறதா?

கொரிய மொழியில் நிலா, மகள், முகமூடி மூன்றும் வேறு வேறு சொற்கள். நமக்கோ ஏறக்குறைய ஒரே 'தல்' என்று கேட்கும். ஜப்பானிய மொழியில் 'ர', 'ல' இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஒலிதான்.

நான் வேலை பார்த்த ஓர் உதிரிபாக ஆலையில், ஜப்பானிய மேற்பார்வையாளர் ஒருவர் சொன்னது 'ரைட்' சுவிட்சா, 'லைட்' சுவிட்சா என்று தெரியாமல் ஒரு டிப்ளமோ பையன் அடிக்கடி தடுமாறினான். "சொன்னா விளங்காத பையன்" என்று பெயர் வைத்தார்கள். பயிற்சிக்காலம் முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பையன் மந்தமில்லைங்க. தவறு இரண்டு மொழிகளுக்கு நடுவில் இருந்தது.

கனடாவில் ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் இருவரும் 1984இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்கு இந்தியின் 'த', 'ட' ஒலிகளைக் கேட்க வைத்தார்கள். 6 முதல் 8 மாதக் குழந்தைகளில் பெரும்பாலோர் வித்தியாசம் கண்டார்கள். 10 முதல் 12 மாதத்துக்குள் அந்தத் திறன் வெகுவாகக் குறைந்துவிட்டது. வீட்டில் புழங்கும் ஒலிக்கே காது பழகிக்கொள்கிறது.

இரண்டு மொழி புழங்கும் வீடென்றால் இரண்டுக்கும் பழகும். தெலுங்கில் பாட்டைக் குறிக்கும் சொல்லுக்கும் பாதையைக் குறிக்கும் சொல்லுக்கும் முதல் ஒலியில்தான் வேறுபாடு. தமிழில் எழுதினால் இரண்டும் 'பாட'தான். தெலுங்கு வீட்டுப் பிள்ளை பள்ளிக்கூடம் போகும் முன்பே அதைப் பிரித்துக் கேட்டுவிடும். இருபது வயதில் அதே மொழியைக் கற்பவர் சிரமப்பட வேண்டும்.

அப்போ நமக்கு வழியே இல்லையா? உண்டு. 1991இல் லோகன், லைவ்லி, பிசோனி என்ற அமெரிக்க ஆய்வாளர்கள், வயது வந்த ஜப்பானியருக்கு ஆங்கிலத்தின் அந்த இரண்டு ஒலிகளைப் பல பேருடைய குரலில் கேட்கவைத்து, ஒவ்வொரு முறையும் சரியா தவறா என்று சொல்லிப் பயிற்சி தந்தார்கள். தவறுகள் குறைந்தன. ஆங்கிலேயர் காது வந்துவிடவில்லை; ஆனால் முன்னேற்றம் வந்தது.

தம்பி தங்கைகளே, ஒரே ஆசிரியரின் குரலோடு நிற்காமல் பல குரல்களைக் கேளுங்கள். கட்டளையைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்யுங்கள். மேலாளராக இருக்கும் நண்பர்களே, சுவிட்சின் மேல் பெயரை எழுதி ஒட்டுங்கள். காதில் விழாததை வைத்து ஒருவனின் அறிவை அளக்காதீர்கள்.