நாள் கணக்கு தவறினால் வரிக் கணக்கும் தவறும்

(வெளிநாட்டில் வேலை செய்வோருக்கான வருமான வரி பற்றித் தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



நான் ஜெராம் பக்கத்துக்காரன். என் தந்தை தோட்டத்துக் கிராணியாக இருந்தவர். விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்கள் வரிசையாக நிற்பார்கள். பெயர் கூப்பிடப்படும். வந்தவருக்குச் செக்ரோலில் குறி விழும். மாதக் கடைசியில் அந்தக் குறிகளைக் கூட்டித்தான் சம்பளம். ஒரு குறி விட்டுப் போனால், அதைக் கேட்க எங்கள் வீட்டு வாசலுக்கே ஆள் வந்துவிடும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் தன் நாள் கணக்கு மனப்பாடமாக இருந்தது.

இன்று அந்தத் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் சிங்கப்பூரில் வேலை செய்கிறார்கள். சம்பளக் கணக்கை விரல் நுனியில் வைத்திருக்கிறார்கள். ஆனால் நாள் கணக்கு? அதைத்தான் விட்டுவிட்டார்கள். வருமான வரியில் அயல் மண்ணில் வேலை செய்பவரின் தலையெழுத்தை நிர்ணயிப்பது பெரும்பாலும் இந்த நாள் கணக்குதான். இன்று நான் சொல்ல வந்த செய்தி இது ஒன்றே.

கடைசி மாதச் சம்பளம் எங்கே?

எங்கள் ஊர்த் தம்பி ஒருவர் என்னிடம் வந்தார். "அண்ணே, கம்பெனிக்காரன் என் கடைசி மாசச் சம்பளத்தைப் பிடிச்சு வெச்சுக்கிட்டான். வெளிநாட்டுக்காரன்னு ஏமாத்திட்டான்" என்றார். தாள்களை வாங்கிப் பார்த்தேன்.

அக்டோபர் 1ஆம் தேதி பாலம் தாண்டி வேலைக்குச் சேர்ந்திருக்கிறார். அங்கேயே தங்கி வேலை. தீபாவளிக்கும் வரவில்லை, பொங்கலுக்கும் வரவில்லை. மார்ச் 31ஆம் தேதி வேலையை முடித்து, அன்றிரவே பேருந்து ஏறி வீடு வந்துவிட்டார். மாதச் சம்பளம் 2,500 சிங்கப்பூர் வெள்ளி. ஆறு மாதத்தில் 15,000 வெள்ளி.

சிங்கப்பூர்க் குடிமகன் அல்லாத ஒருவர் வேலையை விட்டால், முதலாளி குறைந்தது ஒரு மாதத்துக்கு முன் ஐஆர் 21 என்ற பாரத்தின் மூலம் அங்குள்ள வரி ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். கொடுக்க வேண்டிய பணத்தையும் நிறுத்தி வைக்க வேண்டும். ஆணையம் வரியைக் கணக்கிட்டு முடித்ததும், அல்லது பாரம் கிடைத்து 30 நாள் ஆனதும், வரி போக மீதியை விடுவிப்பார்கள். இது சட்டம். கம்பெனிக்காரர் ஏமாற்றவில்லை.

அப்படியானால் வரி எவ்வளவு? 2,250 வெள்ளி. தம்பி கையில் வந்தது 250 வெள்ளி.

ஒரு நாளின் விலை

நேயர்களே, இங்கேதான் கவனிக்க வேண்டும். சிங்கப்பூரில் ஓர் ஆண்டில் 183 நாளோ அதற்கு மேலோ தங்கியவர் அல்லது வேலை செய்தவர், வரிக் கணக்கில் அந்நாட்டு 'வசிப்பவர்' ஆகிறார். வேலை இரண்டு ஆண்டுகளில் தொடர்ச்சியாக விழுந்தால், இரண்டையும் கூட்டி 183 நாள் இருந்தாலும் போதும். வேலைக்கு முன்னும் பின்னும் ஒட்டினாற்போல் அங்கே தங்கிய நாளும் சேரும்.

வசிப்பவருக்கு முதல் 20,000 வெள்ளி வருமானத்துக்கு வரியே இல்லை. வசிக்காதவருக்கு அந்தச் சலுகை கிடையாது. சம்பளத்தில் 15 விழுக்காடு, அல்லது வசிப்பவர் விகிதப்படி வரும் தொகை, இதில் எது அதிகமோ அதைக் கட்ட வேண்டும். 60 நாளோ அதற்குக் குறைவாகவோ வேலை செய்த சாதாரணத் தொழிலாளிக்கு மட்டும் விலக்கு உண்டு.

தம்பியின் நாளை எண்ணுவோம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை 92 நாள். ஜனவரி முதல் மார்ச் வரை 90 நாள். மொத்தம் 182. ஒரு நாள் குறைவு! அன்றிரவு தங்கி மறுநாள் பேருந்து ஏறியிருந்தால் 183 ஆகியிருக்கும். ஆண்டுக்கு 7,500 வெள்ளிதான் வருமானம். வரி ஒரு காசும் வந்திருக்காது. ஓர் இரவு அவசரத்தின் விலை 2,250 வெள்ளி.

"அண்ணே, என் பெர்மிட் இரண்டு வருசத்துக்கு இருந்துச்சே" என்றார். ஓராண்டுக்குக் குறையாத அனுமதி இருந்தால் தொடக்கத்தில் வசிப்பவராகவே நடத்துவார்கள். ஆனால் வேலையை விட்டுப் போகும்போது உண்மையில் எத்தனை நாள் இருந்தார் என்று திரும்பப் பார்ப்பார்கள். பெர்மிட்டில் எழுதிய நாள் வேறு. நாம் இருந்த நாள் வேறு.

நம் வீடுகளில் ஏன் இது தெரியவில்லை?

இது நம் பிள்ளைகளின் குற்றம் அல்ல. மலாயாவில் வருமான வரிச் சட்டம் 1947இல் இயற்றப்பட்டு 1948 ஜனவரி முதல் நடப்புக்கு வந்தது. ஆனால் பால்மரம் சீவியவர் வரி கட்டும் அளவுக்குச் சம்பளம் வாங்கியதில்லை. ஆகவே வரி என்ற பேச்சே லயத்து வீட்டில் எழவில்லை. தாத்தா சொல்லித் தரவில்லை, அப்பாவும் சொல்லித் தரவில்லை.

ஆனால் நாள் கணக்கின்படி பணம் வசூலிப்பது நமக்குப் புதிதல்ல. 1907இல் தமிழர் குடியேற்ற நிதி என்று ஒன்று தொடங்கினார்கள். நம் முன்னோர் வேலை செய்த நாள் கணக்கைப் பார்த்துத் தோட்ட முதலாளிகளிடம் அதற்குப் பணம் வசூலித்தார்கள். தமிழகத்திலிருந்து ஆட்களைக் கப்பலில் கொண்டுவர அந்த நிதிதான் உதவியது. அன்று அயல் மண்ணில் நின்ற நம் பாட்டனின் நாளை வேறொருவர் எண்ணினார். இன்று நம் நாளை நாமே எண்ண வேண்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. நம் நாட்டில் பிசிபி என்று மாதாமாதம் சம்பளத்திலேயே வரியைப் பிடித்துவிடுவார்கள். சிங்கப்பூரில் அப்படி இல்லை. சம்பளம் முழுதாகக் கைக்கு வரும். நிரந்தரவாசி அல்லாத மலேசியருக்கு அங்கே சேமநிதிப் பிடித்தமும் கிடையாது. வந்ததெல்லாம் நம் பணம் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. வரியோ அடுத்த ஆண்டில் மொத்தமாக வரும். கணக்கறிக்கை கிடைத்த ஒரு மாதத்துக்குள் கட்ட வேண்டும், அல்லது வங்கி வழியாகத் தவணைக்கு ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

நம் ஊருக்கு வந்தவருக்கும் இதே கதை

மறுபக்கத்தையும் பார்ப்போம். செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் வங்காளதேசிக்கும், உணவகத்தில் வேலை செய்யும் தமிழகத்துத் தம்பிக்கும் இங்கே இதே சட்டம்தான். நம் 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் எல்லைக்கோடு 182 நாள். அதற்குக் குறைந்தால், 2020 முதல் 30 விழுக்காடு வரி. மாதம் 1,700 ரிங்கிட் வாங்குபவர் அக்டோபரில் வந்து டிசம்பரோடு போய்விட்டால், 5,100 ரிங்கிட்டுக்கு 1,530 ரிங்கிட் வரி. அவரே புத்தாண்டிலும் தொடர்ந்து 182 நாள் இருந்தால், முதல் மூன்று மாதமும் வசிப்பவர் கணக்கில் சேர்ந்துவிடும். அவர் நாட்டை விட்டுப் போகும்போது இங்குள்ள முதலாளியும் 90 நாள் வரை பணத்தை நிறுத்தி வைக்கிறார். உணவகம் நடத்தும் நம்மவர்கள் இதை வேலையாளிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டால், நம் தம்பி அங்கே திட்டியதுபோல் அவர் நம்மைத் திட்டுவார்.

குடியுரிமை காப்பாற்றாது என்பதற்கு இன்னோர் உதாரணம். மலேசியர் ஒருவர் ஆண்டு முழுவதும் சிங்கப்பூரிலேயே தங்கிவிடுகிறார். புஞ்சாக் ஆலாமில் உள்ள தன் வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறார். இங்கே அவர் வசிக்காதவர் என்று ஆகிவிட்டால், செலவு போக மீதி வாடகைக்கு 30 விழுக்காடு வரி. நீல அடையாள அட்டை பையில் இருந்தும் பயனில்லை.

"ஊருக்கு அனுப்பும் சம்பளத்துக்கு இங்கேயும் வரி உண்டா?" என்று தாய்மார்கள் கேட்கிறார்கள். பயப்பட வேண்டாம். தனிநபர் வெளிநாட்டில் ஈட்டிக் கொண்டுவரும் வருமானத்துக்கு 2022 முதல் விலக்கு இருக்கிறது. அது 2036 முடிய நீட்டிக்கப்பட்டிருக்கிறது. அங்கே வரிக்கு உட்பட்ட வருமானம் என்பது நிபந்தனை. ஆகவே சிங்கப்பூர் வரிக் கணக்கறிக்கையைத் தூக்கிப் போடாதீர்கள். அதே நேரம், இங்கே பழைய வரி பாக்கி இருந்தால் அதை முதலில் தீர்த்துவிடுங்கள். பாக்கி வைத்தவரை எல்லையில் நிறுத்த 104ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது.

செய்ய வேண்டியவை

ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். பாலம் தாண்டிய ஒவ்வொரு தேதியையும் எழுதுங்கள். தானியங்கிக் கதவில் போகிறவருக்குக் கடப்பிதழில் முத்திரை விழுவதில்லை. உங்கள் நோட்டுதான் உங்கள் ஞாபகம். சம்பளச் சீட்டு, வேலை ஒப்பந்தம், வரித் தாள் எல்லாவற்றையும் ஏழு ஆண்டு வையுங்கள். வேலையை விடும் கடிதம் கொடுப்பதற்கு முன் நாளை எண்ணுங்கள். 183க்குச் சில நாள் குறைந்தால் தேதியைத் தள்ளிப் போடுங்கள். கடைசி மாதச் சம்பளம் உடனே வராது என்று கணக்குப் போட்டு, அந்த மாதச் செலவுக்கு முன்கூட்டியே எடுத்து வையுங்கள்.

அந்தத் தம்பி இப்போது மறுபடியும் சிங்கப்பூரில்தான் இருக்கிறார். சென்ற முறை வந்தபோது சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்துக் காட்டினார். தேதிக்கு ஒரு குறி. எனக்கு என் தந்தையின் செக்ரோல் நினைவுக்கு வந்தது.