காட்டறதுக்கு முன்னாடி பதிவு பண்ணுங்க



மூணு வருஷத்துக்கு முன்னாடி எங்க குழுவுல நெற்கதிர் தெரியற மாதிரி ஒயர் கூடை பின்னினோம். ஒரு கண்காட்சியில கொண்டுபோன அத்தனையும் வித்துப்போச்சு. ஒருத்தர் நாலு பக்கமும் போட்டோ எடுத்துட்டு, ரெண்டு கூடை வாங்கிட்டும் போனார். எங்களுக்கு ஒரே பெருமை! அடுத்த தீபாவளிக்கு அதே கூடை கடையில தொங்குது, எங்க விலையை விட 40 ரூபாய் கம்மி. எங்களுக்கு ஆர்டர் நின்னுபோச்சு. அந்த வருஷம் கடன் தவணையை நகை அடகு வச்சுத்தான் கட்டினோம்.

அப்புறம்தான் விசாரிச்சேன். பொருளோட உருவம், கோடு, அலங்காரம் இதுக்கெல்லாம் வடிவமைப்புச் சட்டம், 2000 இருக்கு. பதிவு செய்தால் 10 வருஷம் பாதுகாப்பு. இன்னும் 5 வருஷம் நீட்டிக்கலாம். ஆனா வடிவம் புதுசா இருக்கணும், வெளியில காட்டறதுக்கு முன்னாடியே விண்ணப்பிக்கணும். நாங்க முதல்லயே கடை விரிச்சுட்டோம்.

பெரிய கம்பெனிக்கும் இதே கதிதான். ஓட்டை ஓட்டையா இருக்குமே குரோக்ஸ் செருப்பு, அந்தக் கம்பெனி நம்ம நாட்டுச் செருப்புக் கம்பெனிகள் மேல வழக்குப் போட்டுச்சு. அந்த வடிவம் பதிவுக்கு முன்னாடியே வெளியாயிடுச்சுன்னு சொல்லி, 2018-ல டெல்லி உயர் நீதிமன்றம் தடை கொடுக்க மறுத்துடுச்சு.

நம்ம தஞ்சாவூர் ஓவியம், கலைத்தட்டு, தலையாட்டி பொம்மை, வீணை, நெட்டி வேலை இதுக்கெல்லாம் புவிசார் குறியீடு இருக்கு. அது ஊர் பேரைக் காப்பாத்தும். வேற ஊர்ல செஞ்சதை "தஞ்சாவூர்" பேர்ல விக்கக் கூடாது. ஆனா அது ஊருக்கே பொதுச்சொத்து. நாம புதுசா யோசிச்ச கூடைக்கு அது உதவாது, தனியாத்தான் பதியணும்.

அதனால மூணு விஷயம் கேட்டுக்கறேன். புது டிசைனை முதல்ல போட்டோ எடுத்து, தேதி போட்டு, தீர்மான நோட்டுல எழுதுங்க. பதியற வரைக்கும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல கூடப் போடாதீங்க. சென்னை கிண்டியில இருக்கற காப்புரிமை அலுவலகத்துலயே விண்ணப்பம் கொடுக்கலாம். அந்தச் செலவைக் கூட்டமைப்பு பொது நிதியில இருந்து கொடுக்கத் தீர்மானம் போடணும்.

வயலுக்கு வரப்பு கட்டற நமக்கு, நம்ம கைவேலைக்கும் ஒரு வரப்பு வேணும்.