வழிபட வந்தவரைப் படம் எடுக்கலாமா?

(அறப்பணி ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



தைப்பூசம் வந்தால் பிரிக்பீல்ட்ஸ் முதல் கிள்ளான் வரை வீட்டுக்கு வீடு விரதம் தொடங்கிவிடும். பத்துமலையில் நீராடி, காவடியும் பால்குடமும் ஏந்தி 272 படிகள் ஏறுகிறோம். அந்த நீராடும் இடத்திலும் இன்று கைப்பேசிகள் நீள்கின்றன. ஈர உடையில் நிற்கும் தாய், அருள் வந்து தன்னை மறந்து ஆடும் பெண் ஆகியோரின் படங்கள், அவர்கள் வீடு திரும்புமுன்பே முன்பின் அறியாதவர்களிடம் போய்ச் சேர்ந்துவிடுகின்றன. எடுத்தவர் பிறகு நீக்கினாலும், பெற்றவர்களிடம் அது தங்கிவிடுகிறது.

"பொது இடம்தானே, எடுத்தால் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. 2010-இல் பினாங்கு உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. சிகிச்சையின்போது மயக்கத்தில் இருந்த பெண்ணை அவர் அறியாமல் மருத்துவர் படம் எடுத்திருந்தார். மருத்துவப் பதிவுக்காக என்ற விளக்கத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. சிகிச்சைக்குச் சம்மதித்தவர் படத்துக்கும் சம்மதித்தவர் ஆகமாட்டார். மருத்துவமனையும் கோயில் வாசலும் ஒன்றல்ல. ஆனால் நியாயம் ஒன்றுதான். அருள் வந்து நிற்பவராலும் "வேண்டாம்" என்று சொல்ல முடியாது.

தமிழகத்தில் திருச்செந்தூர் கோயில் தொடர்பான வழக்கில், 2022 டிசம்பரில் மதுரைக் கிளை உயர் நீதிமன்றம் கோயில்களுக்குள் கைப்பேசியைத் தடை செய்யுமாறு உத்தரவிட்டது. நாமோ தடை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒருவரைப் படம் எடுக்குமுன் கேளுங்கள். பிள்ளை என்றால் பெற்றோரைக் கேளுங்கள். படத்தில் பள்ளிச் சின்னம் தெரிந்தாலே பிள்ளை எங்கே படிக்கிறது என்பது அந்நியருக்குத் தெரிந்துவிடும். நீராடும் இடத்தில் யாரேனும் படம் எடுத்தால், சண்டை வேண்டாம். தொண்டர்களிடம் உடனே தெரிவியுங்கள்.

நன்கொடையாளர்களுக்கு ஒரு விண்ணப்பம். அரிசியும் புத்தகப்பையும் வழங்கும்போது, பெறுபவர்களை வரிசையாக நிறுத்திப் படம் எடுக்கும் வழக்கம் வளர்ந்துவிட்டது. நீண்ட காலம் வகுப்பறையில் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: இலவசப் பை வாங்கும் படம் சக மாணவர்களிடையே சுற்றினால், அடுத்த ஆண்டு அந்தப் பிள்ளை வரிசைக்கு வராது. வீட்டில் அரிசி இல்லாவிட்டாலும் அந்தத் தாய் வரமாட்டாள். யாருக்காகக் கொடுத்தீர்களோ, அவர்களே விலகிப்போவார்கள்.

உங்கள் பணம் உரியவரைச் சேர்ந்ததற்குச் சான்று கேட்பது உங்கள் உரிமை. அதற்கு ரசீது உண்டு, பெற்றவர் கையொப்பம் உண்டு, தணிக்கை செய்த கணக்கு உண்டு. அலுவலகத்துக்கு வந்து பார்வையிடலாம். அடுக்கி வைத்த பொருள்களைப் படம் எடுத்து மலரில் போடலாம். வாங்குபவர் முகம் மட்டும் வேண்டாம். வலக்கை கொடுப்பதை இடக்கை அறியக்கூடாது என்பார்கள் பெரியோர். ஊரே அறியும்படி செய்வது எப்படித் தகும்?

கோயிலுக்கு வருபவர் மானத்தோடு வந்து மானத்தோடு திரும்ப, எல்லாம் வல்ல முருகப் பெருமான் திருவருள் துணை நிற்பதாக.