நம்மவரிடமும் கணக்குக் கேட்போம்



ஆட்சியாளரிடம் கணக்குக் கேட்பதைப் பற்றிப் பேசுங்கால், அயலார் குற்றங்களை அடுக்குதல் எளிது. நாம் நம்மவர் ஒருவரைப் பற்றியே பேசத் துணிகின்றோம்.

1957 ஜூனில் ஆயுள் காப்பீட்டுக் கழகம், ஹரிதாஸ் முந்த்ரா என்னும் வணிகரின் ஆறு நிறுவனங்களில் ஏறத்தாழ 1 கோடியே 24 லட்சம் ரூபாய்க்குப் பங்குகள் வாங்கியது. கழகம் தோன்றி ஓராண்டும் நிறைவுறவில்லை. அதன் முதலீட்டுக் குழுவையும் கலந்துகொள்ளவில்லை. அப்பணமோ குமாஸ்தாக்களும் ஆசிரியர்களும் வயிற்றைக் கட்டிச் செலுத்திய பிரீமியம்.

டிசம்பரில் மக்களவையில் இதனை எழுப்பியவர் எதிர்க்கட்சியினர் அல்லர். ஆளுங்கட்சி உறுப்பினரும் பிரதமர் நேருவின் மருமகனுமாகிய பெரோஸ் காந்தி! பம்பாய் உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதி சாக்ளா, இந்நகரிலேயே பொதுமக்கள் முன்னிலையில் விசாரித்தார். செயலாளர் செயலுக்கும் அமைச்சரே பொறுப்பாளர் என்றார். 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி. டி. கிருஷ்ணமாச்சாரி பதவி துறந்தார்.

அரசியல் சட்ட வரைவுக் குழுவில் இடம்பெற்ற அத்தமிழரின் ஆற்றலில் நமக்கு ஐயமில்லை. ஆயினும், 'தமிழனை வடக்கர் வீழ்த்தினர்' என்று புலம்புவது பொருந்துமா? பிரீமியம் கட்டியவருள் தமிழரும் இருந்தனரே! விலகியதால் அவர் வாழ்வு முடிந்துவிடவுமில்லை. 1963-இல் மீண்டும் நிதியமைச்சரானார்.

அடுத்த ஆண்டு விழாவுக்கு வரும் தமிழ்நாட்டுத் தலைவருக்கு மாலை சூட்டட்டும்; வேண்டாமென்று சொல்லோம். பின்னர், அவர் முன்பு தந்த வாக்குறுதி என்னாயிற்று என வினவவும் கால் மணி நேரம் ஒதுக்குமாறு விழாக் குழுவினரை வேண்டுகின்றோம்.