குழுவில் நமக்கும் கதிரை வேண்டும்

(சர்வதேச போதைப்பொருள் எதிர்ப்புத் தினமான ஜூன் 26, 2025ஐ முன்னிட்டு நடந்த தோட்டத் தலைவர், தலைவிமார் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கசிப்பும் சாராயமும் நம் லயங்களில் நெடுங்காலமாக இருக்கின்றன. இப்போது பாபுல், மாவா, கஞ்சா, ஐஸ் என்று பாடசாலைப் பிள்ளைகள் வரை வந்துவிட்டது. கடந்த செப்டெம்பரில் நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நாம் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். ஒரு போத்தல் சாராயம் அதில் சில நாள் சம்பளத்தை விழுங்கிவிடுகிறது. அதனால் இதுவும் சங்கத்தின் வேலைதான்.

சிவனொளிபாதமலைப் பருவகாலத்தில் ஹட்டன் பாதையில் பொலிஸார் மோப்ப நாய்களோடு சோதனை செய்கிறார்கள். பருவம் முடிந்த பிறகு? எந்த லயத்தில் யார் விற்கிறார் என்பது அயலவருக்குத் தெரியும். சொன்னால் வீட்டுக்குக் கல் வரும் என்ற பயம் வாயை அடைக்கிறது. பலர் சேர்ந்து சொன்னால் அந்தப் பயம் குறையும்.

அதற்குத்தான் சமூக பொலிஸ் குழு. அங்கே கடைவீதிக்காரர் மட்டும் இருந்தால் லயத்தின் கதை வெளியே வராது. பகல் பத்து மணிக்குக் கூட்டம் வைத்தால், மலையில் கொழுந்தெடுக்கும் பெண் எப்படிப் போவாள்? ஆகவே நாம் கேட்பது: ஒவ்வொரு டிவிஷனிலும் ஒரு தலைவர், ஒரு தலைவி, ஓர் இளைஞர் குழுவில் இருக்க வேண்டும். கூட்டம் வேலை முடிந்த பின், தமிழிலும் நடக்க வேண்டும். பகலில் நடந்தால் அன்றைய பேர் வெட்டப்படக் கூடாது. தகவல் தந்தவரின் பெயர் வெளியே போகக் கூடாது.

1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் தோட்டங்களுக்குச் செலவு செய்யத் தடையாக இருந்தது, 2018இல் திருத்தப்பட்டது. மே மாதம் நாம் வாக்களித்துத் தெரிவு செய்த சபைகளிடம் லயத்துப் பாதைக்கு விளக்கும், இளைஞருக்கு மைதானமும் உரிமையோடு கேட்போம்.

21 வயதுக்குக் குறைந்தவருக்கு மதுவோ சிகரெட்டோ விற்பது 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். கடைக்காரரிடம் முதலில் தலைவர் சொல்லட்டும்; கேட்காவிட்டால் குழு முறையிடட்டும்.

விற்பவன் வேறு, அடிமையாகிவிட்ட பிள்ளை வேறு. பிள்ளையை மறைத்து வைக்காதீர்கள், அடித்துத் திருத்தவும் பார்க்காதீர்கள். தேசிய அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 இலக்கத்தில் ஆலோசனை கேட்கலாம். சிறுவருக்குத் துன்பம் என்றால் 1929, பெண்களுக்கு 1938.

தோழர்களே, ஊருக்குத் திரும்பியதும் தோட்டக் கமிட்டியைக் கூட்டுங்கள். மூன்று பெயர்களைத் தெரிவு செய்து எழுதி, மாத முடிவுக்குள் காரியாலயத்துக்கு அனுப்புங்கள். அந்தப் பட்டியலோடு பொலிஸ் நிலையத்துக்கும் தோட்ட நிர்வாகத்துக்கும் நாம் சேர்ந்தே போவோம்.