அம்பாஸடர் அறிந்தவருக்கு எம்.ஜி. கார் அந்நியமில்லை

(புணே கிளையின் மூத்த உறுப்பினர் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



வழக்கமாக இந்தக் கூட்டத்தில் ஓய்வூதியம், முழங்கால் வலி, க்ஷேத்ராடனம் ஆகியவை பற்றிப் பேசுவோம். இன்று செயலாளர் என்னை ஒரு பழைய இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் காரைப் பராமரிப்பது பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார். நமக்கும் ஸ்போர்ட்ஸ் காருக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் நினைக்கலாம். நம்மில் பெரும்பாலோர் சர்க்கார் உத்தியோகம் பார்த்தவர்கள். அம்பாஸடரில் ஏறாதவர் இந்த ஹாலில் ஒருவரும் இருக்க முடியாது. அந்தச் சம்பந்தம் ஒன்றே போதும்.

எம்.ஜி. என்பது மாரிஸ் கராஜஸ் என்பதன் சுருக்கம். ஆக்ஸ்ஃபோர்டில் வில்லியம் மாரிஸுக்குச் சொந்தமான கார் விற்பனை நிலையத்தின் பெயர் அது. அதன் மேலாளராக இருந்த ஸெஸில் கிம்பர் 1920-களில் சாதாரண மாரிஸ் கார்களுக்கு இலகுவான, அழகான மேற்கூடு கட்டி விற்கத் தொடங்கினார். அப்படிப் பிறந்ததுதான் எம்.ஜி. பிற்காலத்தில் ஆபிங்டன் என்ற ஊரில் தொழிற்சாலை அமைந்தது. அங்கே 1955 முதல் 1962 வரை தயாரான மாடல் எம்.ஜி.ஏ. ஒரு லட்சத்துக்கும் சற்று அதிகமான வண்டிகள் வெளிவந்தன. மிகப் பெரும்பகுதி ஏற்றுமதி, அதிலும் முக்கியமாக அமெரிக்காவுக்கு.

அந்த வண்டியில் முதலில் வைத்த எஞ்சின் பி.எம்.சி. கம்பெனியின் 'பி' வரிசை எஞ்சின், 1489 சி.சி. நம் அம்பாஸடருக்கு 1950-களின் இறுதியிலிருந்து வைத்ததும் அதே 'பி' வரிசை, அதே 1489 சி.சி.தான். சிலிண்டரின் விட்டமும் பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமும் இரண்டிலும் ஒன்றே. எம்.ஜி.ஏ.வுக்கு இரண்டு கார்புரேட்டர், அம்பாஸடருக்கு ஒன்று. ஒருவர் ஸ்போர்ட்ஸ் கோட்டா, மற்றவர் செக்ரடேரியட் கோட்டா. குடும்பம் ஒன்றுதான்.

எஞ்சின் முடிந்துவிட்டதா?

நான் 1971-இல் பௌதிகத்தில் பி.எஸ்ஸி. முடித்து மத்திய சர்க்கார் பணியில் சேர்ந்தேன். நாக்பூரிலும் கல்கத்தாவிலும் டூர் போன காலத்தில் ஆபீஸ் அம்பாஸடர் வழியில் நின்றால் டிரைவரோடு நானும் இறங்கி பானெட்டுக்குள் தலையை விடுவேன். அந்தப் பழக்கம் ஓய்வு பெற்றபின் பயன்பட்டது.

எங்கள் காலனியில் ஒரு மராட்டிய நண்பர் இருந்தார். 1957-ஆம் வருடத்து எம்.ஜி.ஏ. ஒன்றை அறுபதுகளில் பம்பாயில் வாங்கிப் பத்திரமாக வைத்திருந்தார். 2021-இல் அவர் காலமானார். வண்டி அதற்கு முன்பே பத்து வருஷமாக ஓடவில்லை. 2023-இல் அவருடைய மகள் ஒரு ஒர்க்ஷாப்காரரை அழைத்துக் காட்டினார். எஞ்சின் முடிந்துவிட்டது, எடுத்துப் போட்டுவிட்டு இந்தக் காலத்து எஞ்சின் ஒன்றை வைப்பதுதான் வழி என்று சொல்லி, பெரிய தொகையும் கேட்டிருக்கிறார்கள். பேரப் பையனுக்கும் அதில் ஆசை. மகளுக்கு மனம் வரவில்லை. "காகா, நீங்கள் ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்கள்" என்றார்.

புது எஞ்சின் வைக்க வேண்டுமானால் சேஸிஸில் வெட்டி ஒட்ட வேண்டும். வெட்டிய பின் பழைய நிலைக்குக் கொண்டுவருவது எளிதல்ல. ஆகவே நான் சொன்னது ஒன்றுதான்: காரணம் தெரிந்த பிறகு ஸ்பானரை எடுப்போம். அரசாங்க ஃபைலில் நோட் எழுதும் முறையும் இதுதானே!

பெட்ரோல் எஞ்சினுக்கு வேண்டியவை மூன்று: நல்ல கம்ப்ரெஷன், சரியான நேரத்தில் பொறி, சரியான விகிதத்தில் காற்றும் பெட்ரோலும். மூன்றையும் ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும். ஒரே நாளில் மூன்றையும் மாற்றிவிட்டால், எதனால் சரியாயிற்று என்பது கடைசிவரை தெரியாது.

பல வருஷம் நின்ற எஞ்சினை எடுத்த எடுப்பில் ஸ்டார்ட் செய்யக் கூடாது. நான்கு ப்ளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் எண்ணெய் விட்டு, இரண்டு நாள் ஊறவிட்டோம். பிறகு முன்பக்கம் ஹாண்டில் போட்டுக் கையால் சுற்றினோம். சுற்றியது! பழைய எஞ்சின் ஆயிலை வடித்துப் புதியது ஊற்றி, கம்ப்ரெஷன் கேஜ் வைத்துப் பார்த்ததில் நான்கு சிலிண்டரும் சதுர அங்குலத்துக்கு 125 முதல் 135 பவுண்டுக்குள் இருந்தன. எண்ணைவிட, நான்கும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருப்பதுதான் முக்கியம். 'முடிந்துபோன' எஞ்சின் அப்படிக் காட்டாது.

பொறியும் பூமி இணைப்பும்

அந்தக் கால இங்கிலீஷ் வண்டிகளில் மின்சாதனங்கள் லூகாஸ் கம்பெனியுடையவை. லூகாஸை 'இருட்டின் இளவரசன்' என்று கேலி செய்வார்கள். என் அனுபவத்தில் பாதிக் குற்றம் துருவினுடையது. எம்.ஜி.ஏ.வில் பாட்டரியின் பாஸிடிவ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும். புதியவர்கள் இதை மாற்றி இணைத்துவிடுவதுண்டு. ஸீட்டுக்குப் பின்னால் 6 வோல்ட் பாட்டரிகள் இரண்டு தொடராக இருக்கும். எஞ்சின் ரப்பர் மேல் உட்கார்ந்திருப்பதால் அதற்கும் சேஸிஸுக்கும் இடையே பின்னிய பட்டை ஒன்று மின்சாரத்தைக் கொண்டுபோக வேண்டும். அந்தப் பட்டை துருப்பிடித்தால் ஸ்டார்ட்டர் மின்சாரம் வேறு வழி தேடி, சோக் கேபிள் வழியாகத் திரும்பும். கேபிள் சுடும். சுடும் கேபிளைக் கண்டால் கேபிளை மாற்றக் கூடாது, பட்டையைச் சுத்தம் செய்ய வேண்டும்.

வயரிங் பற்றிப் பயம் வேண்டாம். வண்ணம் பார்த்தால் போதும். பழுப்பு வயரில் எப்போதும் மின்சாரம் உண்டு. வெள்ளையில் சாவி போட்டால்தான் வரும். பச்சை, சாவிக்கும் ஃப்யூஸுக்கும் பின்னால் வருவது. கறுப்பு, பாடி இணைப்பு. ஒரு பன்னிரண்டு வோல்ட் டெஸ்ட் லாம்ப் இருந்தால் முக்கால்வாசிக் குறைகளைக் கண்டுபிடித்துவிடலாம்.

டிஸ்ட்ரிப்யூட்டரில் பாயிண்ட்டுகள் பாசி பிடித்தாற்போல இருந்தன. தேய்த்து, இடைவெளியை அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு, அதாவது 0.38 மில்லிமீட்டர் வைத்தோம். நீலப் பொறி கிடைத்தது.

வால்வு இடைவெளி சரிபார்க்க அம்பாஸடர் மிஸ்திரிகள் ஒரு கணக்கு வைத்திருப்பார்கள். வால்வு எட்டு. எட்டாவது முழுக்கத் திறந்திருக்கும்போது ஒன்றாவதைச் சரி செய். ஏழாவது திறந்திருக்கும்போது இரண்டாவதை. கூட்டினால் எப்போதும் ஒன்பது. இதைச் சொன்னதும்தான் பேரப் பையன் போனைக் கீழே வைத்தான்.

பெட்ரோலின் பாதை

பெட்ரோல் டாங்கில் வார்னிஷ் வாசனை வந்தது. வடித்துக் கழுவினோம். எஸ்.யு. மின் பம்ப் பின்பக்கம் இருக்கிறது. அது பேசும். சாவி போட்டதும் டிக் டிக் என்று அடித்து, கார்புரேட்டர் நிறைந்ததும் ஓய்ந்தால் நலம். ஓயாமல் அடித்தால் எங்கோ கசிகிறது, அல்லது டாங்க் காலி. சத்தமே இல்லையென்றால் மின்சாரம் வரவில்லை, அல்லது பம்ப்புக்குள் இருக்கும் பாயிண்ட் கெட்டுவிட்டது. எங்கள் பம்ப் மௌனம். உள்ளே பாயிண்ட்டைச் சுத்தம் செய்ததும் பேசிற்று.

எஸ்.யு. கார்புரேட்டர் ஒரு பௌதிகப் பாடம். எஸ்.யு. என்றால் ஸ்கின்னர்ஸ் யூனியன். காலணி வியாபாரக் குடும்பத்தைச் சேர்ந்த ஸ்கின்னர் சகோதரர்கள் 1900-களின் தொடக்கத்தில் உருவாக்கியது. எஞ்சின் அதிகக் காற்றைக் கேட்டால் உள்ளே ஒரு பிஸ்டன் தானாக மேலே எழும்பி வழியை அகலமாக்கும். அதனால் காற்றின் வேகம் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். பிஸ்டனோடு எழும்பும் கூர்மையான ஊசி, பெட்ரோல் துளையையும் அதற்கேற்பத் திறந்துவிடும். மேலே மூடியைத் திருகி எண்ணெய் விடுவது, பிஸ்டன் துள்ளாமல் இருக்க.

கலவை சரியா என்று பார்க்க மீட்டர் வேண்டாம். எஞ்சின் ஓடும்போது பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்குங்கள். வேகம் ஒரு கணம் கூடி அடங்கினால் சரி. கூடியது கூடியபடியே இருந்தால் பெட்ரோல் அதிகம். தடுமாறி நின்றால் பெட்ரோல் குறைவு. இரண்டு கார்புரேட்டரும் சமமாக இழுக்கின்றனவா என்று அறிய, ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறு முனையை இரண்டின் வாயிலும் மாற்றி மாற்றி வைத்து, 'உஸ்' சத்தம் ஒன்றாக இருக்கிறதா என்று கேட்டால் போதும். டாக்டர் ஸ்டெதாஸ்கோப் வைப்பது போலத்தான்.

ஓட்டும் முன் நிறுத்தத் தெரிய வேண்டும்

எஞ்சின் ஓடிய அன்றே காலனியைச் சுற்றி வரவேண்டும் என்று பையன் துடித்தான். நான் விடவில்லை. எம்.ஜி.ஏ.வின் பிரேக் நான்கு சக்கரத்துக்கும் ஒரே எண்ணெய்ப் பாதையில் இயங்குகிறது. இன்றைய கார்கள் போல இரண்டு பாதை கிடையாது. ஒரு ரப்பர் ஹோஸ் விட்டால் நான்கும் போயிற்று. ஹாண்ட் பிரேக் மட்டுமே மிச்சம். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் குணமுடையது. மழைக்காலம் நான்கு மாதம் நீடிக்கும் நம் ஊரில் வீல் சிலிண்டர்கள் உள்ளே துருப்பிடிக்கும். ஆகவே மூன்று ஹோஸ்களும் ஸீல்களும் புதிதாகப் போட்டு, துருப்பிடித்த சிலிண்டர்களை மாற்றிய பிறகே வண்டி நகர்ந்தது. எண்ணெயை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். இதில் சிக்கனம் கூடாது.

2024 மாசியில் வண்டி காலனியை விட்டு வெளியே வந்தது. மொத்தச் செலவு, அவர்கள் கேட்ட தொகையில் கால் பங்குகூட ஆகவில்லை. பழைய அம்பாஸடர் மிஸ்திரி ஒருவர் உதவினார். இரண்டு எஞ்சினுக்கும் பல பாகங்கள் ஒத்துப்போகும்; ஆனால் பெயரை நம்பாமல் ஒவ்வொன்றையும் அளந்து பார்த்தே பொருத்தினோம். சேஸிஸ் வெட்டுப்படவில்லை. பையன் இப்போது தானே டாப்பெட் சரி செய்கிறான்.

இன்றைய பெட்ரோல்

வீட்டில் பழைய கார் வைத்திருப்பவர்கள் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். முதலாவது, 2000-ஆம் வருஷத்திலிருந்து நம் நாட்டில் ஈயம் கலந்த பெட்ரோல் இல்லை. ஈயம், எக்ஸாஸ்ட் வால்வு உட்காரும் இடம் தேயாமல் காத்தது. நெடுந்தூரம் வேகமாக ஓட்டுவதானால், ஹெட்டைக் கழற்றும் சமயத்தில் கெட்டியான வால்வு ஸீட் போட்டுக்கொள்வது நல்லது.

இரண்டாவது, எத்தனால். 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2023-இல் விற்பனைக்கு வந்து, 2025-க்குள் நாடெங்கும் பரவிவிட்டது. எத்தனால் பழைய ரப்பரை ஊறவைத்துக் கெடுக்கும். எக்ஸாஸ்ட் குழாய்க்கு அருகில் ஒரு ஹோஸ் கசிந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. எத்தனாலைத் தாங்கும் ஹோஸ் என்று கேட்டு வாங்கி மாற்றுங்கள். எத்தனாலில் ஆக்ஸிஜன் இருப்பதால் பழைய அளவில் கலவை பெட்ரோல் குறைவாகிவிடும்; கார்புரேட்டர் ஜெட்டைச் சற்று இறக்க வேண்டும். அது தண்ணீரையும் இழுக்கும். மாதக்கணக்கில் வண்டி நிற்கப் போகிறதென்றால் டாங்கை வடித்துவிடுங்கள்.

ஐம்பது வருஷம் கடந்த வண்டிகளுக்கு 2021-இல் மத்திய அரசு தனி விதி கொண்டுவந்தது. விண்டேஜ் என்று பதிவு செய்தால் எண்ணில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும். தினசரி உபயோகத்துக்கும் வாடகைக்கும் ஓட்ட முடியாது.

ஒரு வேண்டுகோள்

அம்பாஸடர் தயாரிப்பு 2014-இல் உத்தர்பாராவில் நின்றது. பாயிண்ட் இடைவெளி வைக்கத் தெரிந்த மிஸ்திரிகள் அறுபதைத் தாண்டிவிட்டார்கள். நாம் எழுபதைத் தாண்டிவிட்டோம். புத்தகம் கிடைக்கும், உதிரிப் பாகம் கிடைக்கும். கேட்டுப் பார்த்து, தொட்டுப் பார்த்துச் சொல்லும் பழக்கம் கடையில் கிடைக்காது. நம்மோடு அதுவும் போய்விட வேண்டுமா?

எழுபது வயதில் காருக்கு அடியில் படுப்பது நம் வேலையில்லை. பேரன் படுக்கட்டும். வெறும் ஜாக்கை நம்பாமல் ஸ்டாண்டு போட்டிருக்கிறதா என்று நாம் பார்ப்போம். டார்ச்சையும் மானுவலையும் பிடித்துக்கொள்வோம். உங்கள் வீட்டுப் பரணில் அம்பாஸடர், ஃபியட், ஸ்டாண்டர்டு மானுவல்களோ, அங்குல அளவு ஸ்பானர் செட்டோ, ஃபீலர் கேஜோ இருந்தால் பழைய இரும்புக்காரரிடம் போடாதீர்கள். உங்கள் ஊர்க் கிளையில் சொல்லி வையுங்கள். கற்றுக்கொள்ள ஆசைப்படும் ஒரு பையனோ பெண்ணோ அதே ஊரில் நிச்சயம் இருப்பார்கள்.

காபி ஆறுவதற்குள் கேள்வி இருந்தால் கேளுங்கள்.